வலது கன்னத்துக்கு மட்டும்

1

ஒரு முகக் கிரீம் வேலை செய்யாது என்று நிரூபிக்கப் போய் இந்தக் கதை என் கையில் மாட்டிக்கொண்டது. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் டெஸ்டிங் லேபில் ஏழு வருடமாக வேலை பார்க்கிறேன். தோலை இழுப்பேன், நனைப்பேன், தேய்ப்பேன். எங்களிடம் ஒரு இயந்திரம் இருக்கிறது. ஒரு துண்டுத் தோலை ஐம்பதாயிரம் முறை மடித்து நிமிர்த்தும். எத்தனையாவது மடிப்பில் முதல் கீறல் விழுகிறது என்று பார்க்க நான் சாப்பாட்டைக்கூடத் தள்ளிப்போட்டிருக்கிறேன். அப்படிப்பட்டவளின் முன்னால் ஒரு டப்பாவை வைத்து, இருபத்தெட்டு நாளில் முகத்திலுள்ள மங்கு மறையும் என்றால் சும்மா இருப்பேனா?

கிரீமின் பெயர் வேண்டாம். எங்கள் கம்பெனி பஸ்ஸில் அதை எல்லோரும் ‘இருபத்தெட்டு’ என்றே சொன்னார்கள். போனைத் திறந்தால் அதன் விளம்பரம்தான்.

கதைக்கு மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

முதலாவது: “பேர்ணாம்பட்டு மலைகளுக்குப் பின்னால் சூரியன் ஒரு பழுத்த—” பழுத்த என்ன? எனக்கு உவமை வராது. விட்டுவிட்டேன்.

இரண்டாவது: “தனகோடி அழகான பெண். ஆனால்—” அந்த ‘ஆனால்’ என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கே வெட்கமாகிவிட்டது.

மூன்றாவது: “தனகோடி நான்கு வருடமாகக் கம்பெனிக்குள் மாஸ்க்கைக் கழற்றியதில்லை.” இது உண்மை. இதை வைத்துக்கொள்வோம்.

2

தனகோடிக்கு வயது முப்பத்து நான்கு. நான்காவது லைனில் தையல். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இரண்டு கன்னத்திலும் மங்கு படர்ந்தது. மங்கு என்றால் தேநீர் சிந்திக் காய்ந்த மாதிரி ஒரு பழுப்புத் திட்டு. வலிக்காது, அரிக்காது, போகவும் போகாது. கொரோனா வந்து எல்லோரும் மாஸ்க் போட்டபோது அவளும் போட்டாள். எல்லோரும் கழற்றியபோது அவள் கழற்றவில்லை. தூசி ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவைத்தாள். பஸ்ஸில் மட்டும் கழற்றுவாள். அங்கே எல்லாம் நம்ம பொண்ணுங்க.

[தனகோடி இந்தக் கையெழுத்துப் பிரதியைப் படித்துப் பென்சிலில் குறிப்பு எழுதித் தந்திருக்கிறாள். இந்த இடத்தில்: “தேநீர்னு எழுதாத. டீன்னு எழுது.”]

லைனுக்குக் குவாலிட்டி இன்சார்ஜ் இடம் காலியானது. பதினொரு வருடத்தில் தனகோடி கைபட்ட ஜோடி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. ஃப்ளோர் மேனேஜர் கோதண்டராமன் அவளைக் கூப்பிட்டுப் பேசினார். அடுத்த மாதம் வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுப்பவர்கள் வருகிறார்கள், லைனைச் சுற்றிக் காட்டி அவர்களிடம் இன்சார்ஜ்தான் பேச வேண்டும், அன்றைக்கு நன்றாகப் பேசினால் இடம் அவளுக்கே என்றார். ஒன்றே ஒன்றுதான். மாஸ்க்குக்குள்ளிருந்து பேசினால் மிஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது, கழற்றிவிட்டுத்தான் பேச வேண்டும். அவர் நல்ல மனிதர். காரணம் தூசி என்றே அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

அதற்கு முப்பத்தொரு நாள் இருந்தது. அன்றைக்குச் சாயந்திரமே பின் சீட்டு நித்யஸ்ரீ ‘இருபத்தெட்டு’ டப்பாக்களைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். தனகோடி ஒன்று வாங்கினாள். டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் போட்டிருந்ததைப் படித்துவிட்டு நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

கொலாஜன்.

3

இந்தப் பகுதியைத் தாண்டிப் போக நினைப்பவர்கள் போகலாம். ஆனால் போகாதீர்கள், இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி.

பதனிட்ட தோலை வெட்டி, வெட்டிய ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நூல் நூலாகப் பின்னிக் கிடக்கும். அந்த நூல்தான் கொலாஜன். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று இந்தப் பக்கம் முழுக்க நடக்கும் தொழிலை ஒரே வரியில் சொல்வதென்றால், கொலாஜன் அழுகாமல் பார்த்துக்கொள்வது. நாங்கள் அதன்மேல் நடக்கிறோம், அதைத் தைக்கிறோம். அதை ஐம்பது கிராம் டப்பாவில் அடைத்து எங்களுக்கே விற்கிறார்கள்!

சரி, விற்கட்டும். உள்ளே போகுமா என்பதுதான் கேள்வி. தோலுக்குள் ஒரு பொருளை அனுப்புவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? சுண்ணாம்பில் ஊறவைத்து மயிரை எடுக்க வேண்டும். சதையைச் சீவ வேண்டும். சுண்ணாம்பைப் போக்கி, அமிலம் காட்டி, ஆள் உயரத்துக்கு மேலிருக்கும் டிரம்முக்குள் போட்டு மணிக்கணக்கில் உருட்ட வேண்டும். அதற்குப் பிறகும் சந்தேகம் தீராது. ஓரத்தில் ஒரு துண்டை வெட்டி, பதனிடும் மருந்து நடுவரைக்கும் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். செத்துப்போன தோலே இவ்வளவு பிகு பண்ணுகிறது. உயிருள்ள தோலின் வேலையே வெளியிலிருப்பதை உள்ளே விடாமல் இருப்பது. கொலாஜனோ பெரிய உருப்படி. அதை விரல்நுனியால் வட்டமாகத் தேய்த்தால் உள்ளே போய்விடுமாம்.

தடவியதும் முகம் வழவழவென்று ஆகிறதே என்பீர்கள். ஆகும். எங்கள் ஃபினிஷிங் பிரிவிலும் தோலின்மேல் ஒரு பூச்சு அடிப்பார்கள். குழியெல்லாம் அடைபடும், வெளிச்சம் ஒரே சீராகத் திரும்பும், கண் ஏமாறும். முகத்தில் அடித்த பூச்சு முகம் கழுவும்வரை இருக்கும்.

[பென்சிலில்: “இத்தையெல்லாம் நீ பஸ்ல சொன்னப்ப நான் தூங்கிட்டேன்.”]

4

என் திட்டம் இது. லேபில் ஒரு பூச்சைச் சோதிக்க வேண்டுமானால் தோலை முதுகெலும்பு நெடுக இரண்டாக வெட்டுவோம். இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே மாட்டின் தோல், ஒரே தீனி, ஒரே வயது. ஒன்றில் பூசுவோம், இன்னொன்றைச் சும்மா வைப்போம். கடைசியில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பூச்சினுடையது. இதைவிட அழகான ஏற்பாட்டை மனிதன் கண்டுபிடித்ததில்லை என்பது என் எண்ணம்.

அதனால் தனகோடியிடம் சொன்னேன்: வலது கன்னத்துக்கு மட்டும் தடவு.

“மாட்டுத் தோல ரெண்டா அறுத்தாச்சு, சரி. என் மூஞ்சிய இன்னா பண்ணப் போற?”

இருபத்தெட்டு நாள்தான் என்றேன். முதல் நாள் ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறேன் என்று போனை எடுத்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போட்டோ மட்டும் வேண்டாம் என்றாள். நானும் விட்டுவிட்டேன். இரண்டு பக்கமும் ஒரே தோல்தானே.

[இங்கே நான் ஒரு தப்புப் பண்ணியிருக்கிறேன். கண்டுபிடித்துவிட்டவர்கள் பக்கத்திலிருப்பவரிடம் சொல்லாதீர்கள்.]

5

கதாபாத்திரமாகத் தனகோடியை எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. பன்னிரண்டாம் நாள் எழுதியதைப் பாருங்கள்: “அவள் கண்ணில் ஒரு நம்பிக்கை மின்ன—” மின்னவில்லை. பன்னிரண்டாம் நாள் அவள் பஸ்ஸில் கோங்குரா தொக்கு போட்ட சாதம் சாப்பிட்டாள், நித்யஸ்ரீயை மூக்குப்பொடி டப்பா என்று கிண்டல் செய்தாள், வரப்போகிறவர்களிடம் பேச வேண்டிய இங்கிலீஷை முணுமுணுத்துப் பார்த்தாள். ‘ஸ்டிச்’ என்பதில் அவளுக்கு நாக்கு சிக்கியது. கதையில் வருகிறவர்கள் ஒரே ஒரு கவலையோடு இருப்பார்கள். இவளுக்கு நேரமே இல்லை.

6

இருபத்தெட்டாம் நாள் சாயந்திரம்.

லேபிலிருந்து சாம்பல் அட்டையைக் கொண்டுபோயிருந்தேன். சாயம் எவ்வளவு போயிருக்கிறது என்று மதிப்பிட உதவும் அட்டை அது. சாம்பல் பட்டைகள் ஜோடி ஜோடியாக இருக்கும். ஐந்தாம் எண் ஜோடியில் வித்தியாசமே தெரியாது. எண் குறையக் குறைய வித்தியாசம் கூடும். ஐந்து என்று சொல்லத் தயாராக வைத்திருந்தேன். பேச்சுக்கூடத் தயார்.

பஸ் கிளம்பும் முன்பு தனகோடியைப் படிக்கட்டில் நிற்கவைத்து இரண்டு கன்னத்தையும் பார்த்தேன். மறுபடி பார்த்தேன்.

மூன்று. நாலுகூட இல்லை. வலது கன்னம் வெளுத்திருந்தது.

பஸ்ஸே எழுந்து நின்றது. நித்யஸ்ரீ என் கையிலிருந்த அட்டையை வாங்கித் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள். ஆறு பேர் அங்கேயே டப்பாவுக்குச் சொல்லிவைத்தார்கள். எனக்கு அவமானம் வந்திருக்க வேண்டும். வரவில்லை! உடம்பெல்லாம் சிலிர்த்தது. கொலாஜன் உள்ளே போகிறதா? எந்த வழியாக? உலகத்துக்கே தெரியாத ஒன்று எங்கள் பஸ் படிக்கட்டில் நின்றுகொண்டிருக்கிறதா?

துத்திப்பட்டு தாண்டியதும் தனகோடி என் பக்கம் சாய்ந்தாள்.

“முபீ, திட்டாத. அஞ்சாவது நாள்ல இருந்து ரெண்டு பக்கமும்தான் போட்டேன்.”

“ஏன்டி?”

“வேல செஞ்சிட்டா? பாதி மூஞ்சிய வச்சிக்கினு அவங்க முன்னாடி போய் நிக்கவா?”

7

அவள் சொன்னது நியாயம். லேபில் பூசாத பாதித் தோல் யார் முன்னாலும் போய் நிற்க வேண்டியதில்லை. ஆனால் அப்போது எனக்கு அது தோன்றவில்லை. என் மனம் வேறு இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது: இரண்டிலும் பூசியிருந்தால் ஒன்று மட்டும் ஏன் வெளுத்தது?

அந்த நேரம் அவள் இடது கன்னத்தில் வெயில் விழுந்துகொண்டிருந்தது.

கவனியுங்கள். தனகோடி முதல் ஸ்டாப்பான பேர்ணாம்பட்டில் ஏறுகிறவள். எப்போதும் இடது ஜன்னல் சீட்டு. பேர்ணாம்பட்டிலிருந்து ஆம்பூர் தெற்கே இருக்கிறது. காலையில் பஸ் தெற்கே போகும், இடது கை கிழக்கு, கிழக்கில் சூரியன். சாயந்திரம் பஸ் வடக்கே திரும்பும், இடது கை மேற்கு, சூரியனும் மேற்கே போய்விட்டது! போகும்போதும் இடது கன்னம், வரும்போதும் இடது கன்னம். பதினொரு வருடம். மங்குக்கு வெயில் ஆகாது. வலது பக்கத்தில் யார்? நான். கறுப்பு புர்காவோடு, ஒரு திரை மாதிரி. சோதனை செய்கிறவளே சோதனைக்குள் உட்கார்ந்திருந்தேன். அந்த வித்தியாசம் முதல் நாளே இருந்திருக்கும். போட்டோ எடுத்திருந்தால் தெரிந்திருக்கும். மாட்டின் இரண்டு பக்கமும் ஒன்றாக இருப்பதற்குக் காரணம், மாடு தினமும் ஒரே ஜன்னலோரம் உட்கார்ந்து வேலைக்குப் போவதில்லை.

தண்ணீர் பாட்டிலைப் பஸ்ஸாகவும் போன் டார்ச்சைச் சூரியனாகவும் வைத்து அவளுக்கு விளக்கினேன். நித்யஸ்ரீயையும் கூப்பிட்டு விளக்கினேன். கிரீம் ஒன்றுமே செய்யவில்லை, எல்லாம் சீட்டு, பார், எவ்வளவு அழகு என்றேன்.

தனகோடி டார்ச்சை அணைத்துப் போனை என் மடியில் வைத்தாள். பிறகு சொன்னாள்:

“நீ ஜெயிச்சிட்ட. எனக்கு இன்னும் மூணு நாள்தான் இருக்குது.”

[இந்த வரியை எழுதாமல் விட்டுப் பார்த்தேன். கதையில் நான் நல்லவளாகத் தெரிந்தேன். திரும்பச் சேர்த்துவிட்டேன்.]

8

முடிவுகள்.

(அ) அவள் எல்லோர் முன்னாலும் மாஸ்க்கைக் கழற்றிக் குப்பையில் வீசுகிறாள், லைனே கை தட்டுகிறது. தனகோடியின் பென்சில்: “மிஷின் ஓடறப்ப எவ கை தட்டுவா? வெரலு போய்டும்.”

(ஆ) அவள் போகவில்லை. இடம் வேறொருத்திக்குப் போகிறது. பென்சில்: “அப்புறம் நான் இன்னா, பைத்தியமா?”

(இ) வந்தவர்களில் ஒரு பெண்ணுக்கும் கன்னத்தில் மங்கு. இருவரும் ஒருவரையொருவர் பார்த்து— பென்சில் எதுவும் எழுதவில்லை. குறுக்கே ஒரு கோடு மட்டும்.

9

நடந்தது இது.

மூன்று பேர் வந்தார்கள். நான்காவது லைனின் முனையில் கோதண்டராமன் தன் கையாலேயே பன்னிரண்டு ஜோடியைத் துடைத்து அடுக்கிவைத்திருந்தார். தனகோடி முதல் ஜோடியை எடுத்துக் கொடுத்தாள். இரண்டாவதையும் கொடுத்தாள். மூன்றாவதை எடுத்துத் திருப்பினாள், குதிகால் பக்கத்துத் தையலைக் கட்டைவிரலால் தடவினாள், கொடுக்காமல் தன் பக்கமே வைத்துக்கொண்டாள்.

“மேடம், திஸ் பேர் ஐ வில் நாட் பாஸ்.”

கோதண்டராமன் அந்த நிமிஷத்தை என்னிடம் சொன்னபோதுகூட அவருக்கு வியர்த்தது. வந்திருந்த அம்மா ஷூவை வாங்கிப் பார்த்தார், கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார், என்ன குறை என்று கேட்டார். தனகோடி நகத்தால் தொட்டுக் காட்டினாள். அந்தச் சனிக்கிழமையே இன்சார்ஜ் இடம் அவளுக்கு என்று எழுதி ஒட்டினார்கள்.

அன்றைக்குச் சாயந்திரம் அவள் பஸ்ஸில் ஏறியதும் நான் கேட்ட முதல் கேள்வி, மாஸ்க்கைக் கழற்றினாயா என்பதுதான். அவள் பதில் சொன்னாள். சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள்.

“பஸ்ஸே அததான் கேக்குது. ஏன் பாஸ் பண்ணலன்னு ஒருத்தி கேட்டாளா?”

கேட்டேன். தாமதமாகத்தான், ஆனால் கேட்டேன். பேர்ணாம்பட்டு வரைக்கும் சொன்னாள்: ஓர் இடத்தில் ஊசி ஏற்கெனவே போட்ட துளைக்குப் பக்கத்திலேயே இரண்டாவது முறை இறங்கியிருக்கிறது, இரண்டு துளைக்கும் நடுவில் முடி அளவு தோல்தான் மிச்சம், நடக்க நடக்கக் குதிகால் அதைத் தள்ளும், ஒரு மாதத்தில் தபால் தலை மாதிரி கிழிந்துவரும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். மறுநாள் லேபில் அந்த ஷூவை இழுத்துப் பார்த்தேன். அவள் சொன்ன துளையில்தான் கிழிந்தது!

மாஸ்க் பற்றி அவள் சொன்ன பதிலை எழுதக் கூடாது என்பது அவள் போட்ட நிபந்தனை. அதனால் ஒரு வாக்கியத்தைப் பாதியில் விடுகிறேன், நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள்:

தனகோடி அந்த மூன்றாவது ஜோடியை எடுத்தபோது அவள் முகத்தில் மாஸ்க் ...............

எதை எழுதினாலும் சரி. அந்த ஜோடி பாஸ் ஆகவில்லை.