சிவப்பு வட்டம் போட்ட வீடு

வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள் காலை, தையல்காரி கொல்லையில் சேற்றை வாரிக் கொட்டிக்கொண்டிருந்தாள். புருஷன் வெளியூரில் கட்டட வேலையில் இருந்தான். பாலம் உடைந்து போனதால் வர வழியில்லை. வீட்டில் அவளும், இரண்டு கால்களும் விழுந்துபோன மாமனாரும்தான். அவள் கைகால் கழுவிக்கொண்டு உள்ளே வருவதற்குள் யாரோ இருவர் வந்து, வாசற்கதவில் சிவப்புச் சாயத்தில் வட்டம் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

"என்ன கேட்டாங்க மாமா?"

"எந்திரிச்சு நடப்பீங்களான்னு கேட்டாங்க. நடக்கறவனா இருந்தா தண்ணிக்கு நடுவுல கட்டில்ல ஏன்பா மிதந்தேன்னு கேட்டேன். சிரிச்சிட்டுப் போயிட்டாங்க."

எதிர்வீட்டு இஸ்திரிக்கார அக்கா கதவில் பச்சை வட்டம். "சிவப்புன்னா இடிக்கப் போற வீடுடி" என்று அவள் நெஞ்சில் கை வைத்தாள். முனைவீட்டு ஆட்டோக்காரரோ, "அட, சிவப்புன்னா அவசரம். உனக்குத்தான் முதல் உதவி" என்றார். தையல்காரிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. துணிமணிகளை மூட்டை கட்டினாள், அவிழ்த்தாள், மறுபடியும் கட்டினாள்.

மதியம் ஒலிபெருக்கி வைத்த வண்டி ஒன்று தெருமுனையோடு திரும்பிப் போனது. "சிவப்புக் குறி", "பள்ளிக்கூடம்" என்ற இரண்டு சொற்கள்தான் காதில் விழுந்தன. அது போதாதா? கதவைப் பூட்டினாள். மாமனாரை இஸ்திரி வண்டியில் படுக்க வைத்து, அக்காவும் அவளுமாகச் சேற்றில் தள்ளிக்கொண்டு போனார்கள்.

பள்ளிக்கூடத்தில் ஒரு மணி நேரம் வரிசையில் நின்ற பிறகு, பட்டியல் வைத்திருந்த எழுத்தர் தலையில் அடித்துக்கொண்டார்.

"நீங்க ஏம்மா வந்தீங்க? நடக்க முடியாதவங்க வீட்டுக்குத்தான் சிவப்பு. பள்ளிக்கூடத்துக்கு வராதீங்க, டாக்டரும் சாப்பாடும் வீடு தேடி வரும்னுதானே வண்டியில சொன்னோம்!"

திரும்பி வந்து பார்த்தால், வட்டத்தின் மேல் கறுப்பில் ஒரு பெருக்கல் குறி. "டாக்டருங்க வந்தாங்க. பள்ளிக்கூடம் போயிருக்காங்கன்னு சொல்லிப் பார்த்தேன், கேட்கல. பூட்டிக் கிடக்கு, ஆளில்லாத வீடுன்னு எழுதிக்கிட்டாங்க" என்றார் ஆட்டோக்காரர்.

மறுநாள் அவள் எழுத்தரிடம் ஓடினாள்.

"பட்டியல்ல அடிச்சதை நான் திருத்த முடியாதும்மா. அதுக்கு வேற அலுவலகம்."

"எங்கே சார் அது?"

"அதை எங்களுக்கே இன்னும் சொல்லலை."

நடந்ததைக் கேட்ட மாமனார் தலையைத் தூக்கினார். "ஏம்மா, இப்ப நான் இருக்கேனா, இல்லையா?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. துணியில் அளவு குறிக்கும் சுண்ணக்கட்டியை எடுத்து, கதவு நிறைய எழுதினாள்: 'உள்ளே ஆள் இருக்கிறோம்.'

இரண்டு நாள் பச்சைக் கதவு அக்கா பள்ளிக்கூடத்தில் வாங்கி வந்த சோற்றுப் பொட்டலத்தைத்தான் மூன்று வயிறுகள் பங்கிட்டுக்கொண்டன. மூன்றாம் நாள், வேறு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த நர்ஸ் ஒருத்தி கதவைப் படித்துவிட்டு உள்ளே வந்தாள். கிழவரின் முதுகில் ஈரத்தில் புண் கண்டிருந்தது. துடைத்து மருந்து வைத்தாள். போகும்போது கதவில் நீலத்தில் ஒரு கோடு போட்டாள்.

"இதுக்கு என்ன அர்த்தம்மா?"

"நான் வந்து பார்த்தேன்னு அர்த்தம்... அப்படித்தான் நினைக்கிறேன்."

புண் ஆற ஒரு மாதம் பிடித்தது. பட்டியலில் வீடு மறுபடி ஏற இரண்டு வாரம். யார் ஏற்றினார்கள், ஏன் ஏற்றினார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. கேட்டால் மறுபடி அடித்துவிடுவார்களோ என்று அவளும் கேட்கவில்லை.