தேசப்பன் அட்டையில் ஒரு காலிக் கட்டம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஓர் ஆஸ்பத்திரி அட்டையிலிருந்து கிளம்பியது. 1973இல், சென்னையில் புற்றுநோய் வார்டு ஒன்றில் நான் அட்டை எழுதிக்கொண்டிருந்தேன். ஒன்றில் இப்படி இருந்தது: தேசப்பன், வயது 41, மீன்பிடி, பழவேற்காடு. மூக்குக்குப் பின்புறம் புற்று. நிலை மூன்று. ‘முடிவு’ என்ற கட்டம் காலி. மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

ஏரிக்கரையில் பொழுது புலர்ந்த (இல்லை. ஏரி என்றாலே பொழுது புலர வைக்கிற வியாதி எனக்கு. அடித்துவிட்டேன்.)

தேசப்பனுக்கு இடது காது அடைத்து எட்டு மாதம். ஏரியில் முங்கி வலை பார்க்கிறவனுக்குக் காது அடைப்பது புதிதா? தண்ணீர் புகுந்திருக்கும் என்று மனைவி செங்கம்மாள் நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்றிக்கொண்டே இருந்தாள். கழுத்தில் கட்டி எழும்பிய பிறகுதான் பஸ் ஏறினார்கள். இப்போது அந்த எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்தாலே அவளுக்கு… (அழவைக்கப் பார்க்கிறேன். வேண்டாம்.)

3

டாக்டர் மோசஸ் ஒளிக்கவில்லை. “கரண்டு வைப்போம், அதான் கதிர் சிகிச்சை. இந்த நிலையில வர்ற நூறு பேர்ல, அஞ்சு வருஷம் கழிச்சு ஒரு முப்பது பேர் இருப்பாங்க.”

செங்கம்மாள் புருஷனைக் காட்டினாள். “இவுரு அந்த முப்பதுல கீறாரா சார்?”

“அது எனக்குத் தெரியாதும்மா.”

(முதலில் டாக்டரைச் சிடுமூஞ்சியாக எழுதியிருந்தேன். இந்தப் பதிலுக்குப் பிறகு மனசு வரவில்லை.)

4

மீன் பிடிக்கும் இடங்களுக்கு அவர்கள் ஊரில் வருஷா வருஷம் பானையில் பேர் எழுதிய சீட்டுப் போட்டுக் குலுக்குவார்கள். எண்பது பேர், மீன் கொழிக்கும் இடம் ஐந்தே ஐந்து. பேர் போட்டுவிட்டு ஏரியில் இறங்காதவனின் உரிமை அடுத்தவனுக்குப் போய்விடும்.

செங்கம்மாள் கட்டிலின் வலது பக்கமாகப் போய் உட்கார்ந்தாள். “இந்த வருசம் பேரு போட வாணாம்யா.”

“போடு. எம்பது பேருக்கு அஞ்சு எடம். அதுலியே எனுக்கு ரெண்டு தபா வந்துகீது. டாக்டரு நூத்துல முப்பதுன்றாரு. இது எவ்ளோ நல்ல சீட்டுமே.”

அவள் சிரித்துவிட்டாள். எட்டு மாதத்தில் முதல் சிரிப்பு. எழுதிக்கொண்டிருந்த நானும் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தேன். இந்த இரண்டு பேரும் எனக்கு வேண்டியவர்களாகிவிட்டார்கள். சங்கடம் அங்கேதான் ஆரம்பித்தது.

5

இரண்டு முடிவு எழுதினேன். ஒன்றில் தேசப்பன் தோணியில் ஏறுகிறான். இன்னொன்றில் செங்கம்மாள் தனியாகப் பஸ் ஏறுகிறாள். இரண்டையும் கிழித்துப் போட்டேன். டாக்டருக்கே நூறு பேரைப் பற்றித்தான் தெரியும். ஒருவனைப் பற்றிச் சொல்ல நான் யார்?

ஊரில் இல்லாதவனுக்காக வேறு யாராவது சீட்டு எடுக்கலாம் என்பது அங்கே வழக்கம். பானைக்குள் நூறு சீட்டுப் போட்டிருக்கிறேன். முப்பதில் ‘இருப்பான்’ என்று எழுதியிருக்கிறது. நீங்கள் எடுங்கள்.

எடுத்ததை அவனிடம் சொல்வதானால் வலது பக்கம் நின்று சொல்லுங்கள். இடது காது கேட்காது.