பருத்தி மட்டும்

குழந்தை வயிற்றிலேயே இறந்துபோன பிறகு ஜானிஸ் முதலில் விட்டது பாலைத்தான். ஆஸ்பத்திரியிலிருந்து பாக்கார் ஆராங்கில் இருந்த தன் வீட்டுக்கு வந்ததும் அவளுக்குப் பால் கட்டிக்கொண்டது. குடிக்க ஆளில்லாத பால். மாத்திரை கொடுத்து வற்ற வைத்தார்கள். அதன் பிறகு தேநீரில் பால் ஊற்ற அவளுக்குக் கை வரவில்லை. கன்றைப் பிரித்துவிட்டுக் கறக்கிறார்கள் என்று எங்கோ படித்தாள். முட்டை நின்றது, மீன் நின்றது, கறியும் நின்றது. பட்டுப்புடவைகளைச் சொந்தக்காரப் பெண்களுக்குக் கொடுத்துவிட்டாள். தோல் செருப்பும் போயிற்று.

கடைசியில், சட்டைக் கழுத்தின் பின்னால் தைத்திருக்கும் சீட்டைப் படிக்க ஆரம்பித்தாள். பாலியெஸ்டர், நைலான் என்று போட்டிருந்தவை எல்லாம் மூட்டையாகி வாசலுக்கு வந்தன. சாயம் ஏற்றாத பருத்தி மட்டும் அலமாரியில் மிஞ்சியது.

அவள் கணவன் மார்க்கஸ் எதற்கும் குறுக்கே நிற்கவில்லை. கோபத்தில் செய்திருந்தால் தடுத்திருப்பானோ என்னவோ. அவளோ பாத்திரம் கழுவுவதுபோல் செய்தாள். அழவும் இல்லை.

மறு வருடம் அவள் தம்பி கிறிஸ்டியனுக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானத்துக்கு அக்காதான் ஞானத்தாயாக நிற்க வேண்டும் என்று வீட்டுக்கே வந்து கேட்டான். சரி என்றாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சுங்கைப் பட்டாணி மாதா கோயிலில் மின்விசிறிகள் சுற்றியும் புழுக்கம் தாங்கவில்லை. தம்பி மனைவி எவலின் குழந்தையைப் பளபளவென்ற நீளச் சட்டையில் கொண்டுவந்தாள். மேலே வலைத்துணி, கழுத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் முத்து.

"எவலின், இது வேர்வை இழுக்காது. நான் ஒரு காட்டன் சட்டை தைச்சுக் கொண்டாந்திருக்கேன். மாத்திடலாமா?"

"ஐயோ அண்ணி, எங்கம்மா ஈப்போவுல தேடித் தேடி வாங்குனது லா. ஒரு நாள் போட்டா என்ன ஆயிடப் போவுது?"

"பச்சத் தோலு. அந்தச் சாயம், மருந்து எல்லாம்..."

"உங்க பிள்ளை சட்டையாலயா செத்துச்சு?"

சொன்னதும் எவலினே வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் நின்றவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். ஜானிஸ் கொண்டுவந்த சட்டையைப் பைக்குள் வைத்துவிட்டு, குழந்தைக்காகக் கையை நீட்டினாள்.

தலையில் தண்ணீர் விழுந்தபோதுகூடக் குழந்தை விழிக்கவில்லை. அவள் தோளில் முகத்தைப் புதைத்து நன்றாகத் தூங்கியது. கழுத்து மடிப்பை விலக்கிப் பார்த்தாள். ஒரு சிவப்புத் தடம்கூட இல்லை.

சாப்பாடு சுங்கை லாலாங்கில், கிறிஸ்டியன் வீட்டில். எல்லாருக்கும் பிரியாணி. அவள் வெறும் சோறும் வெள்ளரிக்காய் ஊறுகாயும் போட்டுக்கொண்டாள். எவலின் கண் சிவக்க அருகில் வந்து நின்றாள்.

"அண்ணி, வாய் தவறி..."

"பரவால்ல. நீ சாப்பிட்டியா?"

வலியை மறைத்துக்கொண்டு கேட்கவில்லை. உண்மையிலேயே எதுவும் வலிக்கவில்லை. அதுதான் அவளுக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

திரும்பும் வழியில் இரு பக்கமும் செம்பனைத் தோட்டம். மார்க்கஸ் திடீரென்று காரை ஓரம் கட்டினான்.

"எவலின் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

"அவ கேட்டதுல தப்பில்ல. சட்டையால இல்லன்னு எனக்கும் தெரியும்." பிறகு கேட்டாள்: "நம்ம பிள்ளைக்கு என்ன போட்டு விட்டீங்க?"

இதுவரை அவள் அதைக் கேட்டதில்லை. அடக்கத்தன்று அவள் வார்டில் கிடந்தாள். மார்க்கஸும் கிறிஸ்டியனும்தான் போய் வந்தார்கள்.

"ஆஸ்பத்திரி எதிர்க்க ஒரு கடை," என்றான் மார்க்கஸ். "அவசரத்துல கையில கெடச்சத எடுத்தேன். வழுவழுன்னு இருந்துச்சு. அப்ப எனக்கு என்ன தெரியும்? பொறவு நீ மூட்டை கட்டும்போதுதான் சொன்னே, அதெல்லாம் மண்ணுல மக்கவே மக்காதுன்னு. அன்னையிலேருந்து உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு..."

ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அழுதான். ஜானிஸ் அவன் முதுகில் கை வைத்தாள். தனக்கும் ஏதாவது வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

"என்ன கலரு?"

"மஞ்ச. முன்னால ஒரு வாத்துப் படம்."

"அப்ப அது இன்னும் அப்படியே இருக்கும்."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் முகத்தில் குற்றம் சாட்டும் குறி எதுவும் இல்லை.

"இருக்கும்," என்றான்.

"அளவு சரியா இருந்துச்சா?"

"இல்ல, பெருசு. கையை மடிச்சு விட்டேன்."

"எப்படி மடிச்சீங்க?"

அவன் அவள் பக்கம் திரும்பினான். அவள் மணிக்கட்டைப் பிடித்து, சட்டைக் கையை ஒரு மடிப்பு மடித்தான். விரலால் நீவிவிட்டு இன்னொன்று மடித்தான். அவள் அதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கல்லறைக்குப் போவோம்," என்றாள்.

அவள் அங்கே போனதே கிடையாது. மார்க்கஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டு காரைக் கிளப்பினான். பாக்கார் ஆராங்குக்குத் திரும்பும் முனை வந்தபோது, திரும்பாமல் நேரே போனான்.