செலஸ்தின் சுற்றிய கண்டு

எங்கள் பட்டறையில் நூல்கண்டு அவிழ்ந்தால், அதைச் சுற்றியவர் அந்த அளவுக்குச் சிறுத்துவிடுவார். ஒரு முழம் அவிழ்ந்தால் ஒரு விரற்கடை. வேலைக்கு எடுக்கிற நூல் கணக்கில்லை; ஆனால் ஒரு தடவை தானாக அவிழ்ந்துவிட்ட கண்டில் அதுவும் கணக்குத்தான். அதனால் சாயங்காலம் கிளம்பும் முன் எல்லோரும் நூல் நுனியைக் கண்டின் விளிம்பிலுள்ள வெட்டில் செருகி, இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் செருப்பு மாட்டுவோம்.

நாங்கள் ஈ கட்டுகிறவர்கள். சின்னத் தூண்டில் கொக்கியில் சேவல் இறகையும் முயல் ரோமத்தையும் வைத்து நூலால் கட்டினால் ஈ போலவே இருக்கும். மலை ஏரியிலுள்ள டிரவுட் மீன் நம்பி வாயைத் திறக்கும். அவரவர் நூலை அவரவரே கண்டில் சுற்றிக்கொள்ள வேண்டும் என்பது மேஸ்திரி போஜனின் சட்டம். போன வருடம் அவருடைய கண்டைப் பூனை உருட்டி விளையாடியது. அன்றிலிருந்து பஸ்ஸில் அவருக்கு அரை டிக்கெட். அதட்டல் மட்டும் குறையவில்லை.

என் தங்கை செலஸ்தின் இடது கைக்காரி. நூலை எதிர்ப்பக்கமாகச் சுற்றுவாள். அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று அவளுடைய மரக்கண்டில் வெட்டுப் போட்டுக் கொடுத்தது நான். கைப்பழக்கத்தில், வலது கைக்காரர்களுக்குப் போடுகிற சாய்விலேயே போட்டுவிட்டேன். மறுநாள் காலை அவள் சுடிதார் தரையில் இழுபட நடந்து வந்தபோதுதான், எதிர்ப்பக்கம் சுற்றிய நூல் அந்த வெட்டில் நிற்காது என்று தெரிந்தது. இன்னொரு வெட்டுப் போட்டால் கண்டு பிளக்கும். வேறு கண்டுக்கு மாற்றுவதென்றால் முதலில் முழுவதையும் அவிழ்க்க வேண்டும்.

ரப்பர் பேண்டு போட்டேன்; குளிரில் விறைத்து அறுந்தது. மெழுகு தடவினேன். துணி கிளிப்பை மாட்டினேன். அவளுடைய ஹேர்பின்னையே வளைத்துக் குத்தினேன். நூல் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. நான் அந்தப் பக்கம் திரும்பியதும் அவிழ்ந்தது. அவிழ்ந்ததைத் திரும்பச் சுற்றியும் பார்த்தோம். கண்டு பருத்தது, செலஸ்தின் வளரவில்லை.

ஈஸ்டருக்கு அவள் என் இடுப்புயரம் இருந்தாள். வெட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு தடவையாவது என்னைத் திட்டியிருக்கலாம். திட்டாததுதான் எனக்குத் தாங்கவில்லை.

போஜன் ஸ்டூல் மேல் ஏறி நின்று கண்டைப் பார்த்தார்.

"முடிச்சு விழுந்த நூல் அவுறாது. மிச்சத்தை ஈயாக் கட்டிடு."

"கட்டுனா கண்டு காலியாயிடுமே, மேஸ்திரி."

"காலியாகும். ஆனா எங்கயாவது நிக்கும்ல?"

செலஸ்தின் மேசை மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். "கட்டிடுண்ணே. சும்மா அவுந்து போறதுக்கு அது தேவலை."

கட்டினேன். அவள்தான் இறகு எடுத்துக் கொடுத்தாள். முதலில் இரண்டு கையாலும் தூக்கினாள், பிறகு இழுத்துக்கொண்டு வந்தாள். எண்பத்து நான்காவது ஈயில் நூல் தீர்ந்தது. கடைசி முடிச்சு நழுவாமலிருக்க, இடது கைச் சுட்டுவிரலால் அழுத்திப் பிடித்தாள். இறுக்கினேன். முடிச்சு நின்றது, விரல் இல்லை.

ஈக்களைத் தகர டப்பாவில் வைத்துக்கொள்ளத்தான் ஆசை. ஆனால் சும்மா கிடந்தால் இறகைப் பூச்சி அரித்துவிடும். பிறகு முடிச்சும் தளரும். அதனால் ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் ஏரிக்குப் போய் ஒவ்வொன்றாக வீசினேன். ஒவ்வொரு தடவையும் மீன் கவ்வியது, தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு ஆழத்துக்குப் போனது. நான் வேண்டுமென்றே மெல்லிய நரம்பைத்தான் போட்டேன்.

போன ஞாயிறு டப்பா காலி. இருந்தும் போனேன். வீட்டில் உட்கார முடியவில்லை. கரையில் நின்றபோது ஒரு மீன் வந்து தலையைத் தூக்கியது. வாயோரத்தில் என் முடிச்சு, கொஞ்சமும் தளராமல் இருந்தது.

"சாப்டியாண்ணே?" என்றது.

"ஆச்சு" என்றேன். காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

மீன் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தது.

"அன்னிக்கு நீ வெட்டு சரியாத்தான் போட்டே" என்று சொல்லிவிட்டு, இடது பக்கமாகத் திரும்பிப் போனது.

அதற்குப் பின்னால் இன்னொரு மீன் காத்திருந்தது. அது முன்னால் வந்து தலையைத் தூக்கி, "சாப்டியாண்ணே?" என்றது.