இறக்கத்தில் கைவிட்ட கியர்

ஏறும்போது எனக்குப் பயமே இல்லை. போன கோடையில் இதே கணவாயில்தான் எங்கள் டீசல் பிக்கப் கியர் வழுக்கி, கியர் எண்ணெய் கொதித்து, சாலையோரம் புகைந்துகொண்டு நின்றது. பின்னால் நாங்கள் இழுத்துப்போகும் டிரெய்லர் வீடு வேறு. டிரெய்லர்காரர்கள் வரிசையாகப் போகும் அதே ஊர்வலத்தில் வந்த என் தம்பி லெலண்ட் ஹாரன் அடித்தபடி எங்களைத் தாண்டினான். தாண்டும்போது ஜன்னல் வழியாகத் தொப்பியைக் கழற்றி ஆட்டினான். அந்தத் தொப்பி என் புருஷன் ஹார்லன் மனசில் வருஷம் பூராவும் ஆடிக்கொண்டே இருந்தது.

குளிர்காலம் முழுக்க கான்சாஸில் எங்கள் கொட்டகைத் தரையில் கியர்பாக்ஸ் கழற்றிக் கிடந்தது. வலுவான கிளட்ச் தட்டுகள், இன்ஜின் விசையைக் கியருக்குக் கடத்தும் புது கன்வெர்ட்டர், எண்ணெயை ஆற்றப் பெரிய கூலர், முன்பைவிட ஆழமான எண்ணெய்த் தொட்டி என்று ஒவ்வொன்றாக வந்து இறங்கின. மெக்கானிக்கிடம் கொடுக்கலாமே என்றேன். தன் வண்டியில் இதுவரை வேறொருத்தன் கை வைத்ததில்லை என்றான். வாஸ்தவம்தான். ஆனால் அதுவரை அவன் ஓட்டியதெல்லாம் ஒரே கம்பெனி வண்டி. இது வேறு கம்பெனி.

இந்த முறை வண்டி கணவாயைச் சிரமமே இல்லாமல் ஏறியது. எண்ணெய்ச் சூட்டைக் காட்டும் முள் அசையவில்லை. ஹார்லன் அதை விரலால் தட்டித் தட்டிக் காட்டினான். லெலண்ட் முன்னாலேயே போய் அடிவாரத்து முகாமில் அடுப்பு மூட்டியிருப்பான், அவன் மூஞ்சியைப் பார்க்க வேண்டும் என்றான். சின்னப் பிள்ளை மாதிரி இருந்தான். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

உச்சியைத் தாண்டி வண்டியின் மூக்கு கீழே சாய்ந்தது. கொஞ்ச தூரம் வரை இன்ஜின் உறுமி வண்டியைப் பிடித்துக்கொண்டு வந்தது. இறக்கத்தில் அந்த உறுமல்தான் எங்கள் உயிர். இரண்டாவது வளைவில் அது சட்டென்று நின்றது.

ஹார்லன் கியரைக் கீழே தள்ளினான். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தள்ளினான். இன்ஜின் தன் பாட்டுக்குச் சும்மா ஓடியது, சக்கரங்கள் தம் பாட்டுக்கு உருண்டன. பின்னாலிருந்து டிரெய்லர் எங்களைத் தள்ள ஆரம்பித்தது. அவன் பிரேக்கை மிதித்தான், விட்டான், மிதித்தான். கருகிய வாடை உள்ளே வந்தது. ஒவ்வொரு மிதிக்கும் பிடி குறைந்துகொண்டே வந்ததை அவன் தோளைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். என் வலது பக்கம் தடுப்புக் கம்பி, அதற்கப்பால் வெறும் ஆகாயம். ஜெபம் சொல்லப் பார்த்தேன், முதல் வார்த்தை வரவில்லை.

அவன் முழங்காலுக்குப் பக்கத்தில் டிரெய்லர் பிரேக்குக்கென்று தனியாக ஒரு கைப்பிடி உண்டு. நான் எட்டி அதை அழுத்தினேன். பின்னால் ஒரு இழுப்பு, அப்புறம் புகை. வேகம் கொஞ்சம்தான் குறைந்தது.

முன்னால் அந்தப் பலகை தெரிந்தது. பிரேக் போன லாரிகளுக்காக மலையோரம் மேல்நோக்கி வெட்டி, ஆழமாகச் சரளைக்கல் கொட்டி வைத்திருக்கும் பாதை. ஹார்லன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு சாலையைப் பார்த்தான்.

"கல்லுக்குள்ள விடு, ஹார்லன்."

"டிரெய்லர் போயிடும், டெல்லா. அதான் நம்ம வீடு." ஆமாம், கான்சாஸ் வீட்டை வசந்தத்தில் விற்றுவிட்டிருந்தோம்.

"நாமே போயிடுவோம்டா. திருப்பு."

திருப்பினான். கல் வண்டியின் அடிவயிற்றில் மோதிய சத்தத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது வண்டி அச்சுவரை புதைந்து நின்றது. பின்னால் எங்கள் பீங்கான் எல்லாம் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தது. அழவேண்டும் போலிருந்தது. ஆனால் கைப்பிடியைப் பிடித்த விரல்களைப் பிரிப்பதே பெரும்பாடாகிவிட்டது.

இழுவை வண்டிக்காரர் வந்து எங்களை வெளியே இழுத்து, இறக்கத்தின் நடுவே இருந்த ஒரு சமதளத்தில் நிறுத்தினார். பிரேக்கெல்லாம் ஆறும்வரை நகரக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். ஆறட்டும் என்று காத்திருந்தபோது ஹார்லன் இன்ஜினைக் கிளப்பி, கியரை 'பார்க்' என்ற நிறுத்திவைக்கும் நிலையில் வைத்து, கியர் எண்ணெய்க் குச்சியை இழுத்துப் பார்த்தான். நிறைந்திருந்தது. குச்சியைத் துடைத்தான். பிறகு என்னை பிரேக்கை மிதிக்கச் சொல்லி, கியரை நியூட்ரலுக்கு மாற்றி மறுபடி இழுத்தான். குச்சியின் நுனியில்கூட ஈரமில்லை.

"இந்த வண்டிக்கு நியூட்ரல்லதான் பார்க்கணும்," என்றான். "பார்க்குல வச்சா கன்வெர்ட்டர்ல இருக்கற எண்ணெய் கீழ வடிஞ்சு, நெறஞ்ச மாதிரி காட்டும். மூக்கு சாஞ்சதும் இருந்த கொஞ்சமும் முன்னால ஓடிடுச்சு. எண்ணெய் இழுக்கற பம்புக்குக் காத்துதான் கெடச்சிருக்கு, அதான் கியர் விட்டுடுச்சு."

தெரியாமலா போச்சு என்று கேட்டேன்.

"தெரியும், டெல்லா. நல்லாத் தெரியும். தெரிஞ்சும், கொட்டகையில எண்ணெய் ஊத்தி அளந்தப்ப கை பழைய வண்டி மாதிரி பார்க்குக்குப் போயிருக்கு. நான் கவனிக்கவே இல்ல."

அவன் முகத்தைப் பார்த்து எனக்கு வண்டி பிடி விட்டு ஓடியபோது வந்ததைவிட அதிகப் பயம் வந்தது. இத்தனை வருஷத்தில் அவன் பயந்து நான் பார்த்ததில்லை. பின்னால் வைத்திருந்த எண்ணெய் பாட்டில்களை ஒவ்வொன்றாக ஊற்றினான். நியூட்ரலில் வைத்து அளந்தான். மறுபடி அளந்தான். கியர் பிடித்தது. முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்துவிட்டு இறங்கி, என் பக்கத்துக் கதவைத் திறந்தான்.

"நீ ஓட்டு. என் கையை நான் நம்பல."

டிரெய்லர் மாட்டிய வண்டியை அவன் யாரிடமும் கொடுத்ததில்லை. எனக்கு ஓட்டத் தெரியும் என்றுகூட அவன் ஒப்புக்கொண்டதில்லை. முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் கதவை விடாமல் பிடித்தபடி நின்றான்; இடம் மாறி உட்கார்ந்தேன். உறுமல் திரும்பி வந்தது. அது நின்றுவிடுமோ என்று காதைத் தீட்டிக்கொண்டே, நடைவேகத்தில், மிச்ச இறக்கம் முழுக்க இறங்கினேன். அவன் டிரெய்லர் பிரேக் கைப்பிடியின்மேல் கை வைத்தபடி வந்தான்.

முகாம் வாசலில் லெலண்ட் நின்றிருந்தான். எங்களைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி உயர்த்தினான். அப்புறம் ஸ்டியரிங்கின் பின்னால் என்னைப் பார்த்தான், பக்கத்தில் ஹார்லனைப் பார்த்தான். உயர்த்திய தொப்பியை மெதுவாக நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டான்.

வண்டி நின்றுவிட்டது என்று இரண்டு பேரும் மாறி மாறிச் சொன்னார்கள். நான் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.