யாகப்பன் தலைக்குச் சுண்ணாம்பு

யாகப்பனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. தலையில் ஒரு நரை கிடையாது. மற்றவனாக இருந்தால் கொடுப்பினை என்று கொண்டாடியிருப்பான். அவரோ எண்பத்து நாலாம் வருடத் தவக்காலம் முழுக்க, கண்ணாடியைப் பார்க்கும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொண்டார்.

மொரப்பூரை ஒட்டிய அந்த ஊரில் பெரிய வெள்ளிதோறும், ஆண்டவர் பாடுபட்ட கதையைக் கோயில் பொட்டலில் நாடகமாகப் போடுவார்கள். பாஸ்கா என்று பெயர். அதில் ஆண்டவர் மாறுவார், பிலாத்து மாறுவான், கழுதைகூட மாறும். யூதாசு மட்டும் எத்தனையோ வருடமாக யாகப்பன்தான். முத்தம் கொடுத்துக் காட்டிக்கொடுத்துவிட்டு ஓர் இளிப்பு இளிப்பார் பாருங்கள், முன்வரிசைப் பெண்கள் மண்ணை வாரித் தூற்றுவார்கள். ஆரம்பத்தில் அந்தப் பெருமையில் மனுஷன் மிதந்தார். பிறகுதான் வினை வந்தது. வேடம் பெயரோடு ஒட்டிக்கொண்டது. யூதாசு வூட்டு எருமை, யூதாசு கொல்லைப் புளி, யூதாசு பொண்ணு.

போன வருடம் மகள் பாக்கியமேரியைப் பெண் பார்க்க வந்தவர்கள், பஸ்ஸை விட்டு இறங்கி யாகப்பன் வீட்டுக்கு வழி கேட்டிருக்கிறார்கள். "எந்த யாகப்பன்? யூதாசா?" என்றானாம் சோடாக்கடைக்காரன். வந்தவர்கள் ஆளுக்கொரு சோடா குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார்கள். கிண்டி வைத்த கேசரியை வீட்டு ஆட்களே தின்று தீர்த்தார்கள்.

இந்த வருடம் தொப்பூர்ப் பக்கமிருந்து ஒரு நல்ல இடம் வந்தது. பையன் பஸ் கண்டக்டர். அவன் அப்பா அருள்நாதன், ஜெபமாலையைக் கையை விட்டு இறக்காத மனிதர். தவக்காலத்தில் கலியாணப் பேச்சு எடுக்கக் கூடாது. ஆனால் பாஸ்கா பார்க்கிற சாக்கில் வந்து பெண் வீட்டை எடைபோட்டுப் போகலாம், அதற்குத் தடையில்லை. பெரிய வெள்ளிக்கு வருகிறோம் என்று அவர் சொல்லியனுப்பினார்.

ஓடினார் யாகப்பன், உபதேசியார் சவுரியப்பனிடம். ஜெபம் சொல்லித் தருவதிலிருந்து நாடகம் பழக்குவதுவரை கோயிலில் எல்லாம் அவர்தான்.

"உபதேசியாரே, இந்த வருசம் எனக்கு இராயப்பர் வேசம் குடுங்க. பரலோகச் சாவிய கையில புடிச்சிக்கிட்டு நின்னா எந்தச் சம்பந்தியும் ஓட மாட்டான்" என்றார். ஆண்டவரின் சீடர்களில் இராயப்பர்தான் தலைவர்.

"இராயப்பருன்னா நரச்ச தல, நரச்ச தாடி. உன் தல அண்டங்காக்கா மாரி இருக்குது. டோப்பாவும் ஆவாது."

டோப்பா ஆகாததற்குக் காரணம் உண்டு. போன வருடம் முள்முடியைக் கழற்றும்போது ஆண்டவரின் டோப்பாவும் கூடவே வந்துவிட்டது. சிலுவையடியில் அழுதுகொண்டிருந்த மாதாவே சிரித்துவிட்டாள். பங்குச் சாமியார் அன்றைக்கே உத்தரவு போட்டார்: இனி அவனவன் சொந்த முடி, சொந்தத் தாடி. தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனிலிருந்து நடிக்கிறவன் எவனும் கத்தி வைக்கக் கூடாது.

"நரச்சா குடுப்பீங்களா?"

"பெரிய வியாழனுக்குள்ள நரச்சிக் காட்டு, குடுக்கறன்" என்று உபதேசியார் விளையாட்டாகத்தான் சொன்னார். யாகப்பன் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

முடியைக் கறுப்பாக்க உலகமே படாத பாடு படுகிறது. வெளுப்பாக்க யாரைப் போய்க் கேட்பது? வழி சொல்ல மனைவி மதலேனம்மாளின் தம்பி பிலவேந்திரன் வந்து சேர்ந்தான். பெங்களூருக்கும் சேலத்துக்கும் லாரி ஓட்டுகிறவன். தனக்குத் தெரியாதது இந்த ரெண்டு ஊருக்கு நடுவில் எதுவும் இல்லை என்று நினைப்பு.

"இதுக்கா மாமா மண்டைய ஒடச்சிக்கிறீங்க? சுண்ணாம்பு அடிச்சா செவுரே வெளுக்குது. முடி வெளுக்காதா?"

யாகப்பன் அப்போதே சட்டையைக் கழற்றினார். வீட்டுக்கு வெள்ளையடித்து மீந்த சுண்ணாம்பு வாளியில் இருந்தது. அதைக் கெட்டித் தயிரில் குழைத்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, மட்டையால் மாமன் தலைக்கும் தாடிக்கும் ஒரு பூச்சு அடித்தான். காய்ந்ததும் இன்னொன்று.

"எரியுதுடா!"

"எரிஞ்சாதான் மாமா புடிக்குதுன்னு அர்த்தம்."

"யப்பா, சோளக்கொல்ல பொம்ம மாரி இருக்கற" என்று பாக்கியமேரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். யாருக்காக இத்தனையும் என்று அந்தக் கழுதைக்குத் தெரியாது.

கழுவினார்கள். தண்ணீர் வெள்ளையாக ஓடியது. "வந்துடுச்சி மாமா, வந்துடுச்சி!" என்று குதித்தான் பிலவேந்திரன். தலை காய்ந்தது. மதலேனம்மாள் கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டாள்.

செம்பு. புளி போட்டு விளக்கிய செம்புக் குடம் மாதிரி தகதகவென்று மின்னியது தலை. தாடி அதற்கும் ஒரு படி மேல்.

"நீயே சொல்லுடா, இது வெள்ளையா?"

"வெயில்ல பாத்தா ஒரு மாரி வெள்ளதான் மாமா" என்று சொல்லிக்கொண்டே லாரிச் சாவியை எடுத்தான் பிலவேந்திரன். தொப்பூர்க் கணவாய் இறங்கும்வரை அவன் திரும்பிப் பார்த்திருக்க மாட்டான்.

இராயப்பராவது ஒன்றாவது, பழைய கறுப்பு திரும்பினால் போதும் என்றாகிவிட்டது. மதலேனம்மாள் கரிசலாங்கண்ணியை அரைத்து அப்பினாள். செம்புக்கு மேல் பாசி பிடித்தது. சீயக்காய் போட்டுத் தேய்த்ததில் பாசி போயிற்று, செம்பு போகவில்லை. இரும்புச் சட்டியில் கடுக்காயும் தேயிலைத்தூளும் கொதிக்கவைத்து, ஆறவிட்டு ஊற்றினாள். நெற்றியும் காதும் நன்றாகக் கறுத்தன. முடி அசையவில்லை. கடைசியாக விளக்கெண்ணெயில் கரியைக் குழைத்துத் தடவினாள், தலையணை கறுத்தது.

"மொட்ட போட்டுக்கட்டுமா?" என்று பரிதாபமாகக் கேட்டார் யாகப்பன்.

"எழவு வூடுன்னு நெனச்சிக்குவாங்க. சும்மா கெடங்க. யாரு உங்கள வெள்ளையடிச்சிக்கச் சொன்னா?"

பெரிய வியாழனன்று தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனார். உபதேசியார் துண்டை உருவிப் பார்த்தார். கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போனார். எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரச் சாமியார் கொண்டுவந்து மாட்டிய கடைசி இராப்போசனப் படம் அங்கே இருந்தது. அதன் மூலையில் பணப்பையை இறுக்கிப் பிடித்தபடி யூதாசு. தலை செம்பு. தாடி செம்பு.

"இத்தினி வருசம் கண்ணெதுக்கால தொங்குது, எனக்கே தோணலய்யா!" என்று உபதேசியார் யாகப்பனைக் கட்டிக்கொண்டார். "வேசத்துக்காக மண்டையவே வேக வெச்சிக்கிட்டயே! உன்ன வுட்டா யூதாசுக்கு ஆளே இல்ல. இராயப்பரா மணியடிக்கிறவரு நிக்கட்டும்."

யாகப்பன் படத்தின் அடியிலேயே உட்கார்ந்துவிட்டார். மகள் கலியாணத்தைத் தன் கையாலேயே குழிதோண்டிப் புதைத்தாயிற்று.

பெரிய வெள்ளி மதியம். பொட்டலில் வெயில் கொளுத்தியது. முன்வரிசையில் மனைவியோடு அருள்நாதன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், வேறு யார், சோடாக்கடைக்காரன். யார் யார் என்ன வேடம் என்று அவர் காதில் ஓதிக்கொண்டிருந்தான். செம்புத் தலையோடு யாகப்பன் நுழைந்ததும் கூட்டம் ஓவென்றது. பெண்கள் மண்ணை வாரித் தயாரானார்கள்.

முத்தம் கொடுத்தாயிற்று. இளிக்க வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து வேர்வை இறங்கியது. சுண்ணாம்பில் வெந்த மண்டையில் உப்பு வேர்வை பட்டால் எப்படி இருக்கும்? மிளகாய்ப்பொடியைத் தூவியது போலிருந்தது. அங்கிருந்து அது கண்ணுக்குள் இறங்கியது. இளிப்பு வருவதற்குப் பதில் பொலபொலவென்று கண்ணீர் வந்தது. தலையைப் பிடித்தார், இன்னும் எரிந்தது. முப்பது வெள்ளிக்காசு வசனமெல்லாம் மறந்துபோய் மண்ணில் சரிந்தார். மனதில் இருந்தது வாயில் வந்துவிட்டது.

"தப்புப் பண்ணிட்டனே! ஆசப்பட்டு இப்புடிக் கெடுத்துக்கிட்டனே! எம்பொண்ணு மொகத்துல எப்புடி முழிப்பன்!"

யூதாசுக்கு ஏது பெண் என்று ஒருவரும் கேட்கவில்லை. மண் வாரிய கைகள் அப்படியே நின்றன. பிறகு அந்தக் கையாலேயே பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். உபதேசியார் திரைக்குப் பின்னால் தேம்பினார்.

நாடகம் முடிந்து வேப்பமரத்தடியில் யாகப்பன் துண்டால் தலைக்கு விசிறிக்கொண்டிருந்தபோது அருள்நாதன் நேரே வந்து நின்றார்.

"நீங்கதானா யாகப்பன்?"

இனி ஒளிக்க என்ன இருக்கிறது? "ஆமாங்க" என்றார். "யூதாசு யாகப்பன்னு சொல்வாங்க."

"நானும் ஊரூரா பாஸ்கா பாத்தவன். யூதாசு தூக்குல தொங்கறத பாத்திருக்கன். இப்புடி அழுது பாத்ததில்லீங்க. தப்புக்கு இவ்ளோ அழுவுற மனுசன் வூட்ல நம்பிப் பொண்ணு எடுக்கலாம். உயிர்ப்புத் திருநா முடியட்டும், பேசிக்கலாம்."

யாகப்பனுக்குக் கண்ணீர் மறுபடி வந்தது, இந்தத் தடவை சந்தோஷத்தில்.

"அட, அழுவாதீங்க சம்பந்தி" என்று அருள்நாதன் உள்ளங்கையால் அந்தச் செம்புத் தலையை அழுத்தித் தடவிக் கொடுத்தார்.

யாகப்பன் அலறிய அலறலில் வேப்பமரத்துக் காக்கைகள் பறந்தன.

"பாத்தயா?" என்று மனைவியிடம் மெதுவாகச் சொன்னார் அருள்நாதன், ஜெபமாலையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு. "மனுசன் இன்னும் அந்தத் துக்கத்துலயிருந்து எறங்கல."