இறங்காத வளையல்

சேஷகிரி அண்ணா நல்லவர். என் கணவரின் மூத்த அண்ணா. கணவர் போன இந்த ஆறு வருஷமாக எனக்குச் சோறு போடுபவர். தினமும் சாயங்காலம் மல்லேஸ்வரத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, ஐந்தரைக்கு முன்னாலேயே குடையோடு ஆபீஸ் வாசலில் நின்று, என்னை அழைத்துக்கொண்டு போகிறார். கெட்டவராக இருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

ஆபீஸ் என்பது கப்பன் பார்க் பக்கத்தில் ஒரு பழைய சர்க்கார் கட்டடம். ஊர் ஊராகக் கிடைக்கிற கற்களை முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அவற்றில் செதுக்கியிருக்கும் நகைகளை வரைவது என் வேலை. முக்கால்வாசி மாஸ்திக் கல், அதாவது எத்தனையோ நூறு வருஷத்துக்கு முன்னால் புருஷனோடு தீயில் இறங்கியவளுக்கு நட்ட கல். ஒரு தூண், அதிலிருந்து மடங்கி உயர்ந்த ஒரு கை, அந்தக் கை நிறைய வளையல். சுமங்கலியாகவே போனாள் என்பதற்கு வளையல்தான் சாட்சி. அதை வரைவதற்கு ஒரு விதவை. இதில் என்னைத் தவிர யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

இரண்டு வருஷம் வரைந்ததில் சில விஷயம் பிடிபட்டது. எங்களிடம் வந்த கற்களில், கோலார் பக்கத்துக் கை என்றால் மெல்லிசாக ஏழெட்டு வளையல். ஹாசன் பக்கம் தடியாக இரண்டே இரண்டு. தோளுக்குக் கீழே வங்கியும் இருந்தால் பெரிய இடத்துப் பெண். ஆனால் ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. கையைத் தூக்கினால் வளையல் முழங்கைப் பக்கம் சரிய வேண்டும். கல்லில் எல்லாமே மணிக்கட்டில் நிற்கிறது.

"சிற்பிக்குத் தெரியலை, அவ்வளவுதான்," என்றார் மேலதிகாரி வெங்கடராமன்.

"இறுக்கமான வளையல் சார். அதான் சரியலை."

"சொன்னா ஆச்சா? காட்டணும்."

எனக்கு வீம்பு வந்துவிட்டது. ஆபீஸ் பெருக்கும் லட்சுமம்மா ஸ்ரீராம்புரத்துக்காரி. அவள் மாமியார் தெருத்தெருவாக வளையல் விற்றவள். என் அளவுக்கு ஒரு சுற்றுச் சின்னதாகப் பச்சைக் கண்ணாடி வளையல் அவளே கொண்டுவந்தாள்.

"யம்மா, நீங்க போட்டுக்கலாமா?" என்றாள் மெதுவாக.

"போடு."

சோப்பு நுரை தடவி, என் கையை மாவு மாதிரி பிசைந்து, எட்டை ஏற்றிவிட்டாள். உயிர் போகிற வலி. கல் கைக்குப் பக்கத்தில் என் கையைத் தூக்கினேன். ஒரு வளையல்கூட அசையவில்லை. ஆபீஸ் போட்டோகிராபர் யூஜின் படம் எடுத்தார். வெங்கடராமன் சார் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"பேஷ்! கட்டுரையா எழுதுங்கோ!" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார். என் நெற்றியில் பொட்டில்லை என்பது இரண்டு வருஷமாக அவருக்குத் தெரியும். அன்றைக்கு அவர் பார்த்தது கையை மட்டும்தான்.

நானும் பார்த்தேன். என் கை அழகாக இருந்தது. சொன்னால் என்ன?

மணி ஐந்து. "கழட்டு லட்சுமம்மா," என்றேன்.

சோப்பு போட்டாள், தேங்காயெண்ணெய் போட்டாள். கட்டைவிரல் மூட்டைத் தாண்டவில்லை. கை வீங்க வீங்க வளையல் இன்னும் இறுகியது.

"ஏத்தறதுதாம்மா எங்க வேல. இவ்ளோ டைட்டா போட்டா எறங்காது. தானா ஒடையணும், இல்ல ஒடைக்கணும்."

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீங்கதான இறுக்கிப் போடச் சொன்னீங்க?"

ஐந்து இருபது. ஜன்னல் வழியே சேஷகிரி அண்ணாவின் குடை தெரிந்தது. கட்டடத்துக்கு வேறு வாசல் கிடையாது. தலைப்பில் கையை ஒளித்துக்கொள்ளலாம் என்றால் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க வேண்டும். பார்த்தால் திட்டமாட்டார். நாளையிலிருந்து ஆபீஸ் கிடையாது, அவ்வளவுதான். அப்புறம் சாகும்வரை சமையலறை, கூடம், கிணற்றடி.

"உடைச்சுடு," என்றேன்.

"நான் மாட்டேம்மா. போட்டுவிட்ட கையால ஒடைக்கக் கூடாது." லட்சுமம்மா தள்ளிப் போய் நின்றுகொண்டாள். யூஜின் முகத்தைத் திருப்பிக்கொண்டு காமிராவைத் துடைத்தார்.

மேஜைமேல் கையை வைத்து, பித்தளை பேப்பர் வெயிட்டை எடுத்தேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் உடைத்தபோது நாலு பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் திமிறினேன், கத்தினேன். இன்றைக்குப் பிடிக்க ஆளில்லை. எட்டையும் நானே உடைத்தேன்.

"என்னது ரத்தம்?" என்றார் அண்ணா வாசலில்.

"கல்லு கீறிடுத்து."

"ஜாக்கிரதையா இருக்கப்படாதோ?" தன் கைக்குட்டையை மடித்து, மணிக்கட்டில் இறுக்கிக் கட்டிவிட்டார். பஸ்ஸில் எனக்கு இடமும் பிடித்துக் கொடுத்தார்.

மறுநாள் காலை வெங்கடராமன் சார், ஊர்வாரியாக நான் எழுதி வைத்திருந்த வளையல் தினுசுகளின் அட்டவணையும் கையுமாக நின்றுகொண்டிருந்தார்.

"கோலார் தினுசு ஆச்சு. இதுல இன்னும் பதினொண்ணு இருக்கே? ஒவ்வொண்ணா உங்க கையிலேயே போட்டுப் படம் எடுத்துடலாம். அப்புறம் ஒருத்தரும் வாயைத் திறக்க முடியாது."

பதினொரு தரம். முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். கைக்குட்டைக்குள் காயம் எரிந்துகொண்டிருந்தது. அப்படியும் எனக்குச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

"ஆகட்டும் சார்," என்றேன்.

லட்சுமம்மாவைக் கூப்பிட்டு, சோப்பு வாங்கி வைக்கச் சொன்னேன்.